தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர்

என் புருஷன் ராய்ஸ்டன் எதையோ மறைக்கிறான் என்று எனக்கு முதலில் தோன்றியது கரி மூட்டைகளைப் பார்த்தபோதுதான். கால்வாயில் நாங்கள் குடியிருக்கிற படகின் பின்பக்கம், கட்டிலை ஒட்டி, தரையில் ஒரு சின்னச் சதுரப் பலகை இருக்கிறது. அதைத் தூக்கினால் படகின் இரும்பு அடித்தகடு தெரியும். உள்ளே தண்ணீர் சேர்கிறதா என்று பார்ப்பதற்கென்றே விட்ட ஓட்டை அது. அடுப்புக் கரியை நாங்கள் எப்போதும் கூரைமேல்தான் போட்டு வைப்போம். அன்றைக்கு வேலை முடிந்து வந்து பார்த்தால் இரண்டு மூட்டை அந்தப் பலகைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன. என் தலையணையெல்லாம் கரித்தூள்.

"இது என்ன புதுசா?" என்றேன்.

"மழை வரும்னு ரேடியோல சொன்னான்."

"போன வாரம் பூரா கொட்டித் தீர்த்துச்சே, அப்ப கூரைமேலதானே கெடந்துச்சு?"

"ஏன் மேவிஸ், கரி மூட்டையைக்கூட உன்கிட்ட கேட்டுத்தான் வைக்கணுமா?"

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் தங்கை சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் பரிமாறியே தலை நரைத்தவள் நான். புட்டிங்கை ஒரு தடவை வாங்கித் தின்றுவிட்டு, "எனக்கு இன்னும் தரவே இல்ல மிஸ்" என்று மறுபடி தட்டை நீட்டுகிற மூஞ்சி எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ராய்ஸ்டனுக்கு அன்று அதே மூஞ்சி.

அதற்குப் பிறகு என் கண் அவனைவிட்டு அகலவில்லை. வாளி ஈரமாக இருந்தது. கேட்டால் ஜன்னல் துடைத்தேன் என்றான். ஜன்னலில் இருந்த அழுக்கில் நம் பெயரையே எழுதலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் படகுப் பட்டறை வைத்திருக்கிற டெஸ்மண்ட், டீசல் விலையிலிருந்து மந்திரி மாமியார் வரைக்கும் வாய் ஓயாமல் பேசுகிற ஆள், என்னைக் கண்டதும் கப்பென்று வாயை மூடிக்கொண்டான். ஒரு நாள் கரையில் நின்று எங்கள் படகை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் காலால் அளந்துகொண்டிருந்தான். "என்ன டெஸ்மண்ட், கோட்டு தைக்க அளவா?" என்றேன். அவன் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு ஏன் அவ்வளவு பதைப்பு என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் போக வேறு இடம் கிடையாது. ஸ்டாக்போர்ட் ஊரில் இருந்த வீட்டை விற்றுத்தான் இந்த 'வாக்டெயில்' படகை வாங்கினோம். இரண்டு பேர் பெயரிலும் வாங்கினோம். அதுவும் என் ஆசையா? இல்லவே இல்லை. ஓய்வு பெற்றால் கால்வாயில்தான் குடியிருக்கணும் என்று கல்யாணமான நாளிலிருந்து என் காதில் ஓதியவன் அவன்தான். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று வழியெல்லாம் அழுதேன். ஏழடி அகலத்தில் எப்படிடா இரண்டு பேர் வாழ்வது என்று அழுதேன்.

வந்து பார்த்தால் உள்ளே பலகையெல்லாம் உளுத்துப் போயிருந்தது. அத்தனையும் பிடுங்கி எறிந்தோம். சுவருக்குள் குளிர் தாங்கும் அட்டை வைத்து, புதுப் பலகை அடித்து, பெயின்ட் பூசி, ஒரு குளிர்காலம் முழுக்க மரத்தூளையே தின்றோம். குழாய் வேலை எல்லாம் அவன். அலமாரியும் குளிக்கிற இடத்து ஓடும் நான். எப்போது என்று தெரியவில்லை, நடுவில் எங்கேயோ எனக்கு இந்தப் படகின்மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் வாத்துகள் தகட்டில் ஒட்டிய பாசியைக் கொத்துகிற சத்தத்தில் கண் விழிப்பேன். என் கையால் அடித்த அலமாரியில் என் கோப்பைகள் இருக்கும். இனி என்னை யாராவது இங்கிருந்து கிளப்பினால் கடித்துவிடுவேன், அந்த நிலைமை.

அதனால் ஒரு புதன்கிழமை வேலைக்குப் போவதுபோலப் போய், பாலத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். கையும் களவுமாக மாட்டினான். கரி மூட்டைகள் நகர்ந்திருந்தன. பலகை திறந்திருந்தது. ராய்ஸ்டன் குப்புறப் படுத்து, முழங்கை வரைக்கும் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, ஸ்பாஞ்சால் தண்ணீரை ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருந்தான்.

"ஜன்னல் துடைக்கிறியா?" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தான். மூஞ்சி செத்துப்போயிருந்தது.

"மேவிஸ்... அடித்தகடு போச்சு. துரு தின்னுடுச்சு. கால்வாய்த் தண்ணி உள்ள வருது."

"வாங்கறதுக்கு முன்னாடி படகைத் தண்ணியிலேர்ந்து தூக்கித் தகட்டைச் சோதிச்சாச்சுன்னு சொன்னியே!"

"சொன்னேன்."

"சோதிக்கலையா?"

தலையைக் குனிந்துகொண்டான். நான் கத்தியதை எதிர்க்கரைப் படகுக்காரர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

"புதுத் தகடு வச்சு ஒட்டறதுக்குப் படகு விலையைவிட ஜாஸ்தி ஆகுமாம்," என்றான். "டெஸ்மண்ட் பாத்தான். இருக்கிற நிலைமையிலேயே எடுத்துக்கறேன்னு சொல்றான். வெள்ளிக்கிழமை வரான். நீயும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. பக்கத்துல லீக்குங்கற ஊர்ல ஒரு வாடகை வீடு இருக்கு மேவிஸ், மேல்மாடி, குளிக்கத் தொட்டிகூட இருக்கு."

"அதுக்குள்ள வீடு வேற பாத்தாச்சா?"

"பாக்காம? உன்னை நடுத்தெருவுலயா நிறுத்துவேன்?"

அந்த நேரத்தில் அழுதேனே தவிர யோசிக்கவில்லை. யோசனை மறுநாள் காலையில், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது. டெஸ்மண்ட் சொன்னான், டெஸ்மண்ட் பார்த்தான், டெஸ்மண்டே வாங்கிக்கொள்கிறான். என்ன கதை இது? யாருக்குக் காது குத்துகிறான்?

ராய்ஸ்டன், கழிவறைக்கு அடியில் நிறைகிற பெட்டியைக் கரையில் அதற்கென்று இருக்கிற இடத்தில் கொட்டிவிட்டு வரப் போனான். போக வர அரைமணி ஆகும். நான் நிதானமாகத் தலைக்குக் குளித்தேன். அழுது வீங்கிய மூஞ்சிக்கு வேறு என்ன வைத்தியம்? துவாலையைத் தலையில் சுற்றிக்கொண்டு மூட்டைகளை இழுத்துத் தள்ளிப் பலகையைத் தூக்கினேன். தண்ணீர் இருந்தது. அதன்மேல் நுரை இருந்தது.

கால்வாய்த் தண்ணீருக்கு ஏது நுரை? விரலை விட்டு முகர்ந்தேன். என்னுடைய லாவெண்டர் ஷாம்பு. என் தலையில் இருந்த அதே வாசனை, தரைக்குக் கீழே! ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப் போய், குளிக்கிற இடத்தில் காலடியில் பதித்திருக்கிற தட்டில் ஊற்றிவிட்டு ஓடி வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தகட்டின் மேலே ஒரு கோடாக, குளிக்கிற இடத்துப் பக்கமிருந்து, தண்ணீர் அழகாக வந்து சேர்ந்தது. தகட்டில் ஓட்டையும் இல்லை, துருவும் இல்லை. தட்டுக்கு அடியில் ஒரு குழாய் இணைப்பு கழன்றிருக்கிறது, அவ்வளவுதான்.

ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தையும் ஆத்திரத்தையும் எங்கே கொண்டு போய்க் கொட்டுவது! ஜாம் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தலையோடு, பாலம் தாண்டிப் பட்டறைக்குப் போனேன். டெஸ்மண்ட் ஏதோ ஒரு படகின் அடியில் தார் பூசிக்கொண்டிருந்தான்.

"டெஸ்மண்ட், இதை மோந்து பாருங்க."

அவன் பாட்டிலை வாங்கவே இல்லை. "மோந்தாச்சு கண்ணு. லாவெண்டர்," என்றான்.

"எப்ப மோந்தீங்க?"

"முதல் தடவை என்னைக் கூப்பிட்டப்பவே. விரலை விட்டதுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப தகடு?"

"சுத்தியலால தட்டினேன். மணி மாதிரி கேக்குது. உன் காலத்துக்கும் என் காலத்துக்கும் தாங்கும்."

"திருட்டுப் பயலே! வெட்கமா இல்ல உனக்கு? என் புருஷன் ஒரு அப்பாவி, அவனைப் போட்டு ஏமாத்தி—"

"கொஞ்சம் இரு." பிரஷைக் கீழே வைத்தான். "நான் யோக்கியன்னு சொல்லல. ஆனா உன் புருஷனை நான் ஏமாத்தல. அவன்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன், ராய்ஸ்டன், இது உன் பொண்டாட்டி குளிக்கிற தண்ணிடா, ஒரு கிளிப் மாட்டினா சரியாயிடும்னு. துள்ளிக் குதிப்பான்னு பாத்தேன். அப்படியே உக்காந்துட்டான். உக்காந்துட்டு, தகடு போச்சுன்னு அவகிட்ட நான் சொல்லிக்கறேன், நீயே வாங்கிக்கோன்னான். படகு பாதி விலைக்கு வருதுன்னா நான் ஏம்மா வேண்டாம்பேன்?"

"பொய்," என்றேன்.

"சரி, பொய். வீட்ல போய்க் கேளு."

திரும்பி வந்த வழி எனக்கு நினைவில்லை. டெஸ்மண்ட் பொய் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். ஆனால் அந்தத் தொட்டி வைத்த வீடு மனசில் வந்து நின்றது. முந்தின நாள் ராய்ஸ்டன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னபோது, அந்தத் தொட்டியைப் பற்றிச் சொன்ன ஒரு இடத்தில் மட்டும் அவன் குரலில் உயிர் இருந்தது.

ராய்ஸ்டன் அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாட்டிலை அவன் முன்னால் வைத்தேன். பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"எப்பலேர்ந்து இந்தப் படகு பிடிக்காமப் போச்சு?" என்றேன்.

பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "முதல் மாசத்துலேர்ந்தே. முடியல மேவிஸ். ஒரு நாள் நிமிந்து நின்னு சட்டை போடணும்னு இருக்கு. சூடா ஒரு தொட்டித் தண்ணில காலை நீட்டிப் படுக்கணும்னு இருக்கு. ராத்திரி திரும்பிப் படுத்தா உன்னைச் சுவத்துல இடிக்கிறேன். கழிவறைப் பெட்டியைத் தூக்கிட்டு நடக்கும்போதெல்லாம், நான் இதுக்கா ஆசைப்பட்டேன்னு தோணுது."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே."

"எந்த மூஞ்சியோட? உன்னை அழ வச்சுக் கூட்டிட்டு வந்தவனே நான்தானே. நீ சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருப்பேன். ஒரு வருஷம் விடாம சிரிச்சிருப்பேன். அதுக்கப்புறம் உன்கூட வந்திருப்பேன்டா, மடையா!"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனால் எனக்கு இரக்கத்தைவிட ஆத்திரம்தான் மேலே வந்தது. நேற்று நான் இந்தக் கட்டிலில் குப்புறப் படுத்துத் தேம்பியபோது என் முதுகைத் தடவிக்கொடுத்த கை இது. எதற்கு அழுகிறேன் என்று தெரிந்தும், அழவேண்டிய காரணமே இல்லை என்று தெரிந்தும், தடவிக்கொடுத்த கை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினான்.

"சரி."

"வெள்ளிக்கிழமை டெஸ்மண்ட் வருவான்..."

"வரட்டும். டீ போட்டுத் தரேன். கையெழுத்து மட்டும் போடமாட்டேன்."

"அப்ப நான் என்ன பண்றது மேவிஸ்?"

அவனுடைய கருவிப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்க் குளிக்கிற இடத்து வாசலில் வைத்து, மண்டி போட்டு உட்கார்ந்தேன். "இந்தத் தட்டுக்கு அடியில எப்படிக் கை விடறது? காட்டு."

அவசர அவசரமாக எழுந்து வந்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். "நீ தள்ளு, நீ தள்ளு. அஞ்சு நிமிஷ வேலை, நானே மாட்டித் தரேன்."

"வேண்டாம். காட்டினா போதும். நீ அந்த மேல்மாடிக்குப் போனப்புறம் கழண்டா நான்தானே மாட்டணும்."

நீட்டின கையை இழுத்துக்கொண்டான். பிறகு என் பக்கத்தில் மண்டி போட்டான்.

"முதல்ல இந்தத் திருகு," என்றான்.

நான் கழற்றினேன்.