தில்லையம்மாள் வலம் வந்த ஊர்

மியூனிக்கில் மகள் வீட்டுக்கு வந்து இருபது நாளாகிறது. தில்லையம்மாள் இன்னும் தனியாக வாசற்படி தாண்டவில்லை. ஆபீசுக்குப் போகிற அகிலா சாவியையும் கையோடு கொண்டுபோய்விடுவாள். சாவியில்லாமல் வெளியே வந்தால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். "பாஷை தெரியாது, தொலைஞ்சி போயிடுவம்மா" என்பாள். காஞ்சிபுரம் ராஜவீதி நாலிலும் புடவை மூட்டையோடு முப்பது வருஷம் ஏறி இறங்கியவளிடம் பேசுகிற பேச்சா இது?

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயிலேறி நோர்ட்லிங்கன் என்ற பழைய ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். வட்டமாக மதில், அதில் ஐந்து வாசல், நட்டநடுவே உயர்ந்த கோபுரத்தோடு ஒரு தேவாலயம். அதன் வாசலில் நின்றுகொண்டு தில்லையம்மாள் கறாராகச் சொன்னாள்.

"ஒரு மணி நேரம் என்னைத் தனியா வுடு. மூணு மணிக்கு இதே எடத்துல நிப்பேன். நின்னா வூட்டுச் சாவி எனக்கு."

"நிக்கலன்னா?"

"ஊருக்குப் போற வரைக்கும் சாவிப் பேச்சே எடுக்க மாட்டேன்."

அகிலா அரை மனதோடு தலையாட்டினாள்.

பத்தே நிமிடத்தில் எல்லாத் தெருக்களும் ஒன்றுபோலத் தெரிந்தன. கூரைகளுக்குப் பின்னால் கோபுரம் மறைந்துவிட்டது. திரும்பும் வழி தெரியாமல் பயந்துபோனாள். மனம் போன போக்கில் நடந்தவள் மதிலில் போய் முட்டினாள். படியேறினால் மதிலின் மேலேயே கூரை போட்ட நீள நடைபாதை. அவள் கண்ணுக்கு அது அச்சு அசல் கோயில் பிராகாரம். யோசிக்காமல் செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டாள்.

எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதி அவள் வெறுங்காலைப் பார்த்துப் பதறி ஏதோ கேட்டார்கள். "கோயிலும்மா" என்று கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

வலம் வர ஆரம்பித்ததும் பயம் போன இடம் தெரியவில்லை. சுற்றினால் புறப்பட்ட இடத்துக்குத்தானே வந்தாக வேண்டும்! வாசலுக்கு வாசல் எட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பெரிய தெரு உள்ளே கோபுரத்தை நோக்கிப் போனது. ஊரின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஒரு சுற்று முடித்து, செருப்பை மாட்டி, பக்கத்து வாசல் தெருவில் திரும்பினாள். மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே தேவாலயத்தின் முன்னால் நின்றாள்.

அகிலாவைத்தான் காணோம். போன் அடித்தது.

"எங்கம்மா இருக்க? மனசு கேக்காம அரை மணியா உன்னைத் தேடிக்கினு இருக்கேன்!"

"கோயிலு வாசல்லதான். நீ எங்க இருக்க?"

"தெரியலம்மா. ஒரே சந்து சந்தா இருக்குது. மேப்பு வேற சுத்திக்கினே கீது." அழுதுவிடுவாள் போலிருந்தது.

தில்லையம்மாளுக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. சிரிப்புதான் ஜெயித்தது.

"அழாத. மதிலு வர்ற வரைக்கும் நட. அங்கேர்ந்து வலமா வா. ஊரு உன் சோத்தாங்கைப் பக்கம் இருக்கணும். வாசல் வந்ததும் பெரிய தெருவுல உள்ள திரும்பு."

மூன்றேகாலுக்கு அகிலா வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். தில்லையம்மாள் கையை நீட்டினாள். சாவி உள்ளங்கையில் விழுந்தது. அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நாளைக்கு ஆபீசுக்கு வழி தெரியும் இல்ல?" என்றாள். "தெரியலன்னா ஒரு போன் பண்ணும்மா."