யாரும் அழுத்தாத பட்டன்

1

இந்தக் கதை மல்டிமீட்டர் காட்டிய ஓர் எண்ணிலிருந்து பிறந்தது. வினோதினி நான்தானா என்று கேட்காதீர்கள். 'நான்' என்று எழுதினால் எனக்கு நாலு வரிக்கு மேல் ஓடாது. அதனால் 'அவள்'.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மேகம் மூடிய மலையை ஜன்னல் வழியே பார்த்தபடி வினோதினி

இல்லை. அவள் மலையைப் பார்க்கவில்லை. கட்டிலில் குப்புறக் கிடந்த ஒரு டி.வி.யின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

வீடு மலையை ஒட்டிய வேங்கிக்காலில். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள், ரிப்பேர் வேலையை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். முன்னறையில் மேசை போட்டு வெளியாட்களின் சாமான்களையும் பழுது பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அப்பா பரசுராமனுக்கோ அவள் பி.எட். படிக்க வேண்டும். எதிர்வீட்டு சரோஜா அக்காவின் டி.வி. செத்துப்போனதும் அவர் கெடு வைத்தார்.

"ஞாயித்துக்கிழம சாயந்தரத்துக்குள்ள இத ஓட வச்சுடு, மேசை போட்டுக்க. இல்லன்னா திங்கக்கிழம பி.எட்.ல சேந்துடணும்."

கடை மெக்கானிக் ஏற்கெனவே வந்து, மெயின் போர்டு போய்விட்டது, வேறு டி.வி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். [முதல் வரைவில் இவரை வில்லனாக்கினேன். பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று பேச வைத்தேன். அவர் அப்படிப் பேசவில்லை. அவசரத்தில் இருந்தார், அவ்வளவுதான்.]

3

சிவப்பு விளக்கு எரிந்தது. ரிமோட்டை அழுத்தினாலும் டி.வி.யின் பட்டனை அழுத்தினாலும் அசைவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை மறைத்துவிடலாமா என்று பார்த்தேன். சனிக்கிழமை முழுவதும் வினோதினி தவறான இடத்தில் தேடினாள். பவர் போர்டில் நன்றாக இருந்த கெபாசிட்டரைக் கழற்றி மறுபடி பற்றவைத்தாள். விரலைச் சுட்டுக்கொண்டாள். கதாநாயகி எடுத்த எடுப்பில் கண்டுபிடிக்க வேண்டாமா? வேண்டாம். தவறு இருக்கட்டும்.

ஞாயிறு மதியம் சரோஜா அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னா வினோ, ஆவுமா ஆவாதா? ரெண்டு நாளா அது முதுகச் சொறிஞ்சிக்கினு இருக்க."

வினோதினி தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

4

மின்சாரம் வருகிறது, ஆனால் யாரோ அதை எழவிடாமல் பிடித்து [இது என் வரி. அவள் இவ்வளவு அலங்காரமாக யோசிக்க மாட்டாள்.]

அவள் யோசித்தது இதுதான்: இன்னும் எதைச் சோதிக்கவில்லை? திரைக்குக் கீழே, பட்டன் இருக்கும் சின்ன போர்டு. கழற்றி மீட்டரை வைத்தாள். யாரும் அழுத்தாத பட்டன் வழியே மின்சாரம் போகக் கூடாது. போனது. மீட்டர் 1,870 ஓம் காட்டியது. நான் சொன்ன எண் இதுதான். டி.வி.யைப் பொறுத்தவரை யாரோ ஒருவர் அந்தப் பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை; அதனால்தான் ரிமோட்டுக்கும் அது அசையவில்லை.

போர்டைத் திருப்பினாள். மஞ்சளாக வழிந்திருந்தது. முகர்ந்தாள். சந்தனம்.

ஆயுத பூஜை அன்று சரோஜா அக்கா சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்து வீட்டிலிருந்த எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்திருந்தார்.* டி.வி.க்கு வைத்தது பட்டன் ஓட்டை வழியே உள்ளே இறங்கிவிட்டது.

ஸ்பிரிட் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தாள். காயவிட்டு அளந்தாள். இப்போது பட்டன் வழியே மின்சாரம் பாயவில்லை. மாட்டினாள்.

* வினோதினியின் மீட்டருக்கும் அன்று பொட்டு உண்டு. அவள் அம்மா கெட்டியாகக் குழைப்பவர். மீட்டர் பிழைத்தது.

5

சரோஜா அக்காதான் ரிமோட்டை அழுத்தினார். படம் வந்தது. ஒரு நகைக்கடை விளம்பரம் முழுச் சத்தத்தில் அலறியது. உள்ளேயிருந்து அப்பா வந்தார்.

"என்னாதான் கோளாறு?" என்று கேட்டார் அக்கா.

இங்கே நான் ஒரு வாரம் நின்றுவிட்டேன். பொய் சொன்னால் அக்காவுக்கு மனம் நோகாது. ஆனால் அப்பா குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைப்பார்.

(அ) "வயர் லூஸுக்கா" என்று முணுமுணுத்துவிட்டு அவள்

(ஆ) அப்பாவிடம் மட்டும் தனியாக

இரண்டும் வேண்டாம். விளம்பரத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமே. வினோதினி தலையை நிமிர்த்தித் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"சந்தனம்க்கா. நீங்க வச்ச பொட்டு பட்டனுக்குள்ள எறங்கிடுச்சு. போர்டு எதுவும் போவல."

அக்கா வாயில் கை வைத்தார். "கிரைண்டருக்கு இத விட ஜாஸ்தி அப்பிட்டேனேடி."

பரசுராமன் டி.வி.யைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"போயி அதையும் பாத்துட்டு வா. அதுக்குள்ள மேசைய நான் இழுத்துப் போடறேன்."

6

திங்கட்கிழமையை நான் எழுதப் போவதில்லை. முன்னறைக் கதவு திறந்திருக்கிறது. உங்கள் வீட்டில் ஓடாமல் கிடப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள். என்ன கோளாறு என்று நீங்கள் சொல்லத் தொடங்குவதுதான் அடுத்த வரி.