பெயரில்லாத பதினோரு திட்டங்கள்

புக்கிட் தெங்கா அலுவலகத்தில் ரூபினிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவள் ஒரு வரிகூட எழுதாத மென்பொருள், வாடிக்கையாளரின் தொழிற்சாலை இயந்திரங்களை ஒரு பகல் முழுக்க நிறுத்திப்போட்டதற்காக. பொறுப்பாளர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்ததாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும்.

பெயர் எப்படி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான தாய்க் கோப்பை ஐந்து வருடங்களுக்கு முன் எழுதியவள் அவள்தான். அதில் பொறுப்பாளராகத் தன் பெயரைப் போட்டிருந்தாள். அதன்கீழ் வரும் பிள்ளைத் திட்டத்தில் யாரும் பெயர் எழுதாமல் விட்டால், தாயில் உள்ள பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சோம்பேறிகள் எழுத மறந்துவிடுகிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பழைய மாற்றங்களின் பட்டியலைத் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. இயந்திரங்களை நிறுத்திய அந்தத் திட்டத்தில் இரண்டு வருடமாக இருந்தது, பக்கத்து மேசைக்காரன் நாகூர் மீரானின் பெயர். இயந்திரம் நின்ற மறுநாள் காலை எட்டு பத்துக்கு அந்த ஒரு வரியை மட்டும் அவனே அழித்திருக்கிறான். அன்று எட்டரைக்குத்தான் அவளுக்குத் தே தாரிக் வாங்கி வந்து கொடுத்தான். அவளும் நன்றி சொல்லிக் குடித்தாள், சீ!

"ஏன் மீரான் இப்படிச் செஞ்சே?"

"நான் உங்க பேர போடலயே அக்கா. அதுவா வந்துருச்சு லா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூடக் கொஞ்சம் வெட்கப்படுவான். இவன் சிரித்தான்.

தாய்க் கோப்பில் அவன் பெயரைப் போட்டுவிடக் கை துடித்தது. அவனைப்போல ஆவதை நினைத்ததும் அதுவும் அருவருத்தது. தன் பெயரை மட்டும் அழித்தாள். அதை நம்பியிருந்த பதினோரு திட்டங்கள் பெயரில்லாமல் நின்றன.

மேனேஜர் ஷாஹிரா எல்லாரையும் மீட்டிங்கிற்கு அழைத்தார். மீரான் வரியை அழித்த பட்டியலை ரூபினி திரையில் காட்டினாள். ஷாஹிரா படித்துவிட்டுக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சரி, இந்தப் பதினொண்ணையும் யார் யார் எழுதுனது?"

போன மாதம் இதே திட்டங்களுக்கு விருது கொடுத்தபோது ஆறு பேர் முண்டியடித்து மேடையேறினார்கள். இப்போது ஆறு பேரும் மேசையைப் பார்த்தார்கள்.

"அப்போ ரூபினி, யாராச்சும் சொல்ற வரைக்கும் உங்க பேரே இருக்கட்டும் லா. திரும்பப் போட்டுருங்க."

முதலில் தலையாட்டியவன் மீரான்.

ரூபினி மடிக்கணினியை மூடினாள்.

"போட மாட்டேன் மேடம். மாட்டேன்னு சொன்னதுக்கு ரெண்டாவது லெட்டர அடிச்சுக் குடுங்க. அதுலயாச்சும் என் பேரு நான் செஞ்சதுக்காக இருக்கட்டும்."