போகாத படகு

முட்டுக்காட்டு உப்பங்கழியில் தாமோதரன் சொந்தமாக ஒரு படகுத்துறை நடத்துகிறார். அங்கே கம்ப்யூட்டர் வேலை ரேணுகாவுடையது. படகு விடாத செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, படகுகள் போவதையும் வருவதையும் பதிந்து துறை டேப்லெட்டில் காட்டும் கிளவுட் டேட்டாபேஸைப் பராமரிப்புக்காக அவள் நிறுத்தி வைத்தாள்.

வேலை முடிந்து அதை மறுபடி ஓடவிடப் போனபோது திரை ஓடிபி கேட்டது. அது முதலாளியின் போனுக்குத்தான் வரும். போன் மேஜைமேல் பூட்டிக் கிடந்தது. முதலாளியைக் காணோம்.

வெளியே ஒரே கூச்சல். முதலாளியின் மகளைத் தங்கள் மகனுக்குப் பெண் கேட்டு அணுபுரத்திலிருந்து வந்திருந்த சகுந்தலா அம்மாவையும் அவர் கணவரையும் தாமோதரன் தானே படகில் ஏற்றிப்போயிருந்தார். காவலாளி தர்மராஜ் நாஸ்தாவுக்குப் போன நேரத்தில் கிளம்பிய படகு அது. இப்போது தர்மராஜ் துறையில் நின்று, திரும்பி வந்த படகை நீளக் கழியால் தண்ணீருக்குள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா பண்றே? அவரு ஓனரு!" என்றாள் ரேணுகா.

"தெரியாதா எனக்கு? டேப்லெட்ல பச்சை வராம எந்தப் படகும் கரையத் தொடக்கூடாது. நானே வந்தாலும் வுடாதேன்னு சார்தான் சொன்னாரு."

"இப்ப நானே சொல்றேன், வுடுய்யா!" என்று படகிலிருந்து கத்தினார் தாமோதரன்.

"அப்பவும் நீங்கதான் சார் சொன்னீங்கோ. எந்த சார் சொல்றத நான் கேக்கறது?"

சம்பந்தியாகப் போகிறவர்கள் முன்னால் திட்ட முடியாமல் தாமோதரன் சிரித்தார். ரேணுகா உள்ளே ஓடி, மேஜைமேல் கிடந்த போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தடை படகுக்குத்தான் என்பதால் தர்மராஜ் அவளைத் தடுக்கவில்லை. "பாத்துப் போம்மா, சேறா கீது" என்று வழியும் சொன்னார்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று போனை நீட்டினாள். தாமோதரனின் ஈரமான கட்டைவிரலைப் போன் ஏற்க மறுத்தது. சகுந்தலா அம்மாவின் கணவர் கைக்குட்டையை எடுத்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் துடைப்பதுபோல அந்த விரலைத் துடைத்துவிட்டார். போன் திறந்தது.

உள்ளே ஓடிப்போய், போனில் வந்த ஓடிபி எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். 'தொடங்குகிறது' என்று திரை வெகுநேரம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக டேட்டாபேஸ் எழுந்தது. மூச்சுவாங்கத் துறைக்கு வந்தால், டேப்லெட்டைப் பார்த்துத் தர்மராஜ் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தப் படகு இன்னிக்குப் போவவே இல்லன்னு காட்டுதும்மா."

"டேட்டாபேஸ் நின்னுகினு இருந்தப்ப போயிருக்குண்ணா."

"போவாத படகு எப்டிம்மா திரும்பி வரும்?"

ரேணுகா டேப்லெட்டை வாங்கினாள். படகு இப்போதுதான் கிளம்புவதாக ஒரு டிக்கெட் போட்டாள். அரைமணி நேரம் சுற்றினால்தான் திரும்பியதாக ஏற்போம் என்றது டேப்லெட். அழாத குறையாகக் கூப்பிட்டாள்: "சார், இன்னொரு ரவுண்டு போய்ட்டு வந்துடுங்க சார்!"

தாமோதரன் வாயைத் திறப்பதற்குள் சகுந்தலா அம்மா முந்திக்கொண்டார். "போகலாமே. பேச வந்ததை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

நடு உப்பங்கழியில் யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. பொண்ணு வேலையை விடமாட்டாள் என்றார் தாமோதரன். விடச்சொன்னது யார் என்றார் சகுந்தலா அம்மா. படகு திரும்பும்போது கல்யாணம் தை மாதம் என்று முடிவாகியிருந்தது.

பச்சை வந்தது. தர்மராஜ் கழியைக் கீழே போட்டு, ஒவ்வொருவரையும் கைகொடுத்துக் கரையேற்றிவிட்டார். தாமோதரன் அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு சம்பந்தியம்மாவின் செருப்பைத் தேடப் போனார்.

ரேணுகா குழாயடியில் காலின் சேற்றைக் கழுவப் போனாள். அங்கேதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.