பால்துரை வீட்டுத் தொட்டி

அறுபதுகளில் கோவில்பட்டியில் பருத்தித் தரகு பார்த்தவர் பால்துரை. மோட்டார் வைத்துக் கிணற்றுத் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றி, அடுப்பங்கரையில் குழாய் வைத்த முதல் ஆள் அந்தத் தெருவில் அவர்தான். அந்தக் குழாயைத் திறந்து காட்டாமல் எந்த விருந்தாளியையும் அவர் அனுப்பியதில்லை. ஆனால் மகள் அருள்மணிக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போனதில் மனிதர் உறக்கம் கெட்டுக் கிடந்தார். மூன்றாவதாகக் கடம்பூர் எபநேசரின் மகன் அமைந்தான். வாத்தியார் வேலை. அருள்மணிக்கும் பிடித்திருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊர்களில் காலரா. எபநேசரின் மூத்த பிள்ளை போன வருஷம் அந்த நோயில்தான் போனான். பெண் பார்க்க வந்த இடத்தில் யாருக்காவது வயிறு கலங்கினால் சம்பந்தம் அவ்வளவுதான். பால்துரை சுகாதார இன்ஸ்பெக்டரைப் பிடித்து ஒரு பெரிய பொட்டலம் பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்தார். தொட்டிக்கு ஒரு கரண்டி போதும் என்று இன்ஸ்பெக்டர் படித்துப் படித்துச் சொன்னார். சர்க்கார் ஆட்கள் எதைத்தான் தாராளமாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள்? மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று காலையில் பொட்டலத்தை முழுசாகக் கவிழ்த்துவிட்டார்.

கரிசல் காட்டில் வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், பேச்செல்லாம் பிறகுதான். அருள்மணி செம்பை நீட்டினாள். அதை வாயருகே கொண்டுபோன மாப்பிள்ளையின் அம்மா அப்படியே நின்றாள்.

"எம் பிள்ளைய எடுத்துட்டுப் போன அன்னைக்கு எங்க வீடு பூரா இந்த வாடைதான் அடிச்சுது. இங்கன யாருக்கு வந்துச்சு? மறைக்காதிய."

"யாருக்கும் வரல தாயி! வந்துரக் கூடாதேன்னுதான் போட்டேன்!"

"வந்த வீட்டுலதான அண்ணாச்சி இதப் போடுவாவ?" என்று எழுந்தார் எபநேசர்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சாவு விழுந்த வீட்டில்தான் அந்தப் பவுடரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நோய் வருமுன்னே அதை வாங்கிக் கொட்டுகிற மனிதரை யார் கண்டது? பால்துரைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்பம் பாருங்க, நானே குடிக்கேன்!"

செம்பைப் பிடுங்கி ஒரே மூச்சில் காலி செய்தார். தொண்டை எரிந்து கண் பிதுங்கியது. ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்துக் காட்ட வாயைத் திறந்தவர், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியிலேயே வாந்தி எடுத்தார்.

அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வந்தவர்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பஸ்ஸுக்கு ஓடினார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் நின்று ஒருமுறை அருள்மணியைத் திரும்பிப் பார்த்தான். அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பால்துரை தரையில் சரிந்து உட்கார்ந்தார். "குடல் எரியுது தாயி, கொஞ்சம் நல்ல தண்ணி தா."

அருள்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் மருந்து போட்டிருக்கீய. இனி இந்த வீட்டுக்குக் காலராவும் வராது, மாப்பிள்ளையும் வரமாட்டாவ."

ஆனாலும் பெற்ற அப்பா ஆயிற்றே. மோட்டார் வந்த அன்றே கிணற்றடி வாளியும் கயிறும் போய்விட்டதால், குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அவர்கள் அதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள்.