எண்ணெயோடு யாரும் இறங்கக் கூடாது

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், ஜன்னல் வழியாக ஒரு வீட்டின் பின்புறம் புது நீச்சல்குளம் தெரிந்தது. உள்ளே ஒருத்தரும் இல்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2
மசூது என்று பெயர் வைத்தேன். இருபத்திரண்டு வருஷம் ஷார்ஜாவில் அடுத்தவர் குளங்களுக்கு மருந்து போட்டவர். ஒன்றிலும் கால் நனைத்ததில்லை. மனைவி மௌத்தாகி மூன்று வருஷம். துபாயிலிருக்கும் மகள் சஃப்ரின், தன் பிள்ளைகளோடு சீசனுக்கு வருகிறாள் என்றுதான் இந்தக் குளமே. முதலில் அவள்தான் இறங்க வேண்டும்.*

(* லேசுப்பட்ட வேலையில்லை. குளோரின் விழுந்ததும் போர்வெல் தண்ணீர் பால் விடாத கட்டஞ்சாயா நிறமாகிவிட்டது. அத்தனையும் இரும்பு. மூன்று நாள் மோட்டார் ஓட்டி, அடியில் படிந்ததை உறிஞ்சியெடுத்து, சோதனைக் குழாயின் நிறம் அட்டையோடு ஒத்துப்போன பிறகுதான் மனுஷன் உட்கார்ந்தார்.)

3
நீலம் என்பது ஒரு... (வேண்டாம். மசூது இப்படியெல்லாம் யோசிக்கிற ஆளில்லை.)

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஆவுடைநாயகம் வந்து, ஒரு முங்கு முங்கிக்கிடட்டுமா என்று கேட்டார். எண்ணெயோடு யாரும் இறங்கக் கூடாது என்று மசூது விரட்டிவிட்டார். எண்ணெய் தேய்க்காமல் குளிக்கிறவன் குற்றாலத்துக்காரனா என்று முணுமுணுத்தபடி அவர் போனார். (இத்தனை கறாரா என்று எனக்கே சந்தேகம். காத்திருக்கிறவர்கள் அப்படித்தான்.)

4
சஃப்ரின் போன் செய்தாள். லீவு கிடைக்கவில்லையாம்.

"அடுத்த வருசம் வரைக்கும் தண்ணி அப்படியே கெடக்கும்லா, வாப்பா?"

"கெடக்கும்மா."

பொய். ஆள் இறங்காவிட்டாலும் வெயில் மருந்தைத் தின்றுவிடும். நாலு நாள் விட்டால் பாசி. அது தெரிந்தவர்தான் அன்றும் மருந்து கலக்கினார், மறுநாளும் கலக்கினார். யாருக்காக என்று நினைத்ததும் அவருக்கு அழுகை வந்தது.

5
முடிவு ஒன்று: அவரே இறங்குகிறார். எழுதிப் பார்த்தேன், முதல் படியிலேயே நின்றுவிட்டார்.

முடிவு இரண்டு: சஃப்ரின் திடீரென்று வந்து நிற்கிறாள். அது என் ஆசை, அவ்வளவுதான்.

மூன்றாவதில் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. உச்சி முதல் எண்ணெய் வழிய ஆவுடைநாயகம் வாசலில் நிற்கிறார். இன்று எதுவும் கேட்கவில்லை. மசூது சோதனைக் குழாயைக் கீழே வைக்கிறார்.

"எண்ணெயோடயே எறங்கும்வே."

"நீரும் வாரும்."

மசூதின் கை சட்டைப் பொத்தானில் இருக்கிறது. இதற்குமேல் எழுத எனக்குத் தைரியமில்லை. நான் பார்த்தபோது அவர் தனியாகத்தான் இருந்தார். நீங்கள் அந்த வழியாகப் போனால், தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.