நெத்திலிக்கு வைத்த சோறு

"கேரட்டு துன்ற நாய நீ எங்கனா பாத்துகீறியா? நாயா அது, மொயலா—"

"துன்னுச்சுய்யா, போன வாரம் வரிக்கும் தட்ட நக்கிகினு—"

"—பரங்கிக்கா, கெயங்கு, அப்பறம் இன்னா, அவியல் வெக்கிறியா அதுக்கு? வவுத்த கெடுத்துட்டு—"

"—நான் கெடுத்தேனா? ஒரு முட்டய வேவவெச்சு போட்டது கெடுதலா? அது மூஞ்சப் பாருய்யா மொதல்ல. அப்பறம் என் மூஞ்சிக்கு வா."

இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். துவைக்கிற கல்லின் ஓரத்தில் நெத்திலி படுத்திருந்தது. தன் பெயர் அடிபடுகிறது என்று தெரிந்து வாலை ஒருமுறை தூக்கப் பார்த்தது. தூக்க முடியவில்லை. அது காலையில் மூத்திரம் போன இடத்தில் சிமெண்டுத் தரை செம்மண் கரைத்து ஊற்றியது போலிருந்தது.

"எல்லப்பன் ஆட்டோ கீதா பாரு," என்றாள் ஜெகதாம்பாள். "செங்கல்பட்டு டாக்டராண்ட இட்டுகினு போவலாம்."

பக்தவத்சலம் சட்டையைத் தேடினார். முப்பது வருஷம் கல்பாக்கத்தில் ஆபீஸ் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன மனுஷன். திட்டிக்கொண்டே வேலையைச் செய்வார், வேலை முடிந்தாலும் திட்டை முடிக்க மாட்டார். இப்போது அவர் திட்டை நிறுத்தியிருந்ததை ஜெகதாம்பாள் கவனித்தாள்.

நெத்திலி அவர்கள் மகன் பாலாவின் நாய். கோவளத்தில் வலை காயப்போடும் மணலில், விலா எலும்பு தெரியக் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். நெத்திலி மீன் மாதிரி இருந்ததால் அந்தப் பேர். பிறகு கன்றுக்குட்டி போல வளர்ந்தது, பேர் மட்டும் வளரவில்லை. அவன் கோவளத்துக்குப் போனது நாயைப் பார்க்க அல்ல, ஷபானாவைப் பார்க்க என்பது வீட்டுக்குத் தெரிய மூன்று வருஷம் ஆயிற்று. தெரிந்த அன்று பெரிய சத்தம். ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு அவளோடு கோவளத்திலேயே வீடு பிடித்துவிட்டான். நாவலூரில் கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை. வாடகை வீட்டில் நாய் வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் ஒப்பவில்லை. நெத்திலி இங்கேயே நின்றுவிட்டது.

"அவன் பேச்ச இந்த வூட்ல எடுத்தீனா நான் சோத்துல கை வெக்க மாட்டேன்," என்று பக்தவத்சலம் அன்றைக்குச் சொன்னார். அவர் சொன்னால் செய்கிறவர். ஜெகதாம்பாள் எடுக்கவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். மணி அடித்ததும் பக்தவத்சலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். ஜெகதாம்பாள் எடுப்பாள்.

"ம்மா, நெத்திலி இன்னா பண்ணுது?"

அவ்வளவுதான். நல்லா இருக்கியா, நைனா எப்படி இருக்கார், எதுவும் கிடையாது. அவளும் நீ எப்படி இருக்கே என்று கேட்கமாட்டாள். கேட்டால் அழுகை வரும், அழுதால் வாசலில் இருக்கிறவருக்குக் கேட்கும். நாய் குளித்ததா, நாய் குரைத்ததா, நாய்க்கு உண்ணி இருக்கிறதா என்று தாயும் பிள்ளையும் கால் மணி பேசிக்கொள்வார்கள். கடைசியில் ரிசீவரை நெத்திலியின் காதில் வைப்பாள். அவன் அந்தப் பக்கம் என்னவோ சொல்வான், இது தலையைச் சாய்த்துக் கேட்கும்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிறு, அவன் கேட்டான். "இன்னாம்மா போடற அதுக்கு?"

"சோறுதான். சாம்பாரு, ரசம், வூட்ல இன்னா கீதோ அது."

"வெறும் சோறு போடாதம்மா. ஆபீஸ்ல நெட்ல பாத்தேன். கேரட்டு, பரங்கிக்கா, சக்கரவள்ளிக் கெயங்கு, எல்லாம் உப்பில்லாம வேவவெச்சு சோத்துல பெசஞ்சு போடு. வாரத்துல ரெண்டு மூணு முட்ட. மீனுன்னா முள்ள எடுத்துட்டு. தோ, இரு, ஷபானா இன்னமோ சொல்றா."

போனில் வேறொரு குரல் வந்தது. மெல்லிய, பயந்த குரல். "அத்த, சங்கரா மீனு போடாதீங்க, முள்ளு ஜாஸ்தி. வஞ்சரத்துல வாலுத்துண்டு கேளுங்க."

மருமகளின் குரலை ஜெகதாம்பாள் கேட்டது அதுதான் முதல் தடவை. "சரிம்மா," என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், "வாலுத்துண்டு," என்று திருப்பிச் சொன்னாள்.

பாலா மறுபடி வாங்கிப் பேசினான். "வெங்காயம் மட்டும் ஆவாதும்மா. பூண்டும் ஆவாது. அதுக்கு அது வெசம். சாம்பாரே ஊத்தாத."

அவள் ஊற்றவில்லை. அன்றிலிருந்து நெத்திலிக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. முடி மினுமினுத்தது. ஞாயிறுதோறும் பேச விஷயம் கிடைத்தது. கிழங்கைத் துப்பிவிட்டது, தயிர் சேர்த்தால் தின்கிறது, கேரட்டைப் பச்சையாகக் கடிக்கிறது. ஷபானா சிரிக்கிற சத்தம்கூட ஒருநாள் கேட்டது.

முதல் நாள் சட்டியைப் பார்த்த பக்தவத்சலம், "இது யார் சொன்ன வேல?" என்று கேட்டிருந்தார்.

"டீவில சொன்னாங்க."

அவர் மேலே கேட்கவில்லை. மறுநாளிலிருந்து காலை நடைக்கு நெத்திலியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். நல்லதுதான், நடக்கட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள்.

செங்கல்பட்டு டாக்டர் நெத்திலியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. கண்ணிமையைப் பிதுக்கினார், வயிற்றை அழுத்தினார். பிறகு நிமிர்ந்து, "வெங்காயம் எதாவது சாப்டுச்சா?" என்றார்.

"ஐயோ, இல்ல சார்," என்றாள் ஜெகதாம்பாள் முந்திக்கொண்டு. "பையன் சொன்ன நாள்லேர்ந்து ஒரு சருகுகூட போடல. தனிச் சட்டி சார் அதுக்கு."

டாக்டர் பக்தவத்சலத்தைப் பார்த்தார். அவர் சுவரில் மாட்டியிருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கை," என்றார் பக்தவத்சலம்.

"என்னைக்கு?"

"தெனமும். காத்தால பஸ் ஸ்டாண்டாண்ட கன்னியம்மா கூழு விக்குது சார். நான் ஒரு சொம்பு குடிப்பேன். இதுக்கு ஒரு கொட்டாங்கச்சி. சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டு." தொண்டையைச் செருமினார். "ஒடம்புக்கு குளிர்ச்சின்னு. எங்க அச்சரப்பாக்கத்துல ஏர் ஓட்றவன் அத்த துன்னுட்டுதான் சார் பொழுது சாய வரிக்கும் நிப்பான். கெயங்கு, கேரட்டுலல்லாம் இன்னா சத்து கீது?"

"நமக்கு ஒண்ணும் பண்ணாது," என்றார் டாக்டர். "நாய்க்கு ரத்தம் ஒடஞ்சு போயிடும். ஒரு நாள்ல தெரியாது, சேத்து வெச்சுக் காட்டும். ஊசி போடறேன். ரொம்ப எறங்கிப் போயிருக்கு. இன்னைக்கு ராத்திரி தாண்டினா சொல்லலாம்."

திரும்பி வரும்போது பக்தவத்சலம் நெத்திலியின் தலையை மடியில் வைத்திருந்தார். திருக்கழுக்குன்றம் வரைக்கும் டேப் பாடிக்கொண்டே வந்தது. எல்லப்பன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு டேப்பை நிறுத்தினார்.

"டீவிலன்னியே," என்றார் பக்தவத்சலம்.

"டீவில இல்ல."

"தெரியும்."

ஜெகதாம்பாள் திரும்பி அவரைப் பார்த்தாள். "தெரியுமா?"

"டீவில யாரு வஞ்சரத்துல வாலுத்துண்டு கேக்க சொல்லுவான்? வாசல்லதான ஒக்காந்துனு இருந்தேன். நீ பேசறது கேக்கும், அவன் பேசறது கேக்காது." நாயின் காதைத் தடவினார். "அவன் சொல்லி இது ஒண்ணு துன்னுச்சுன்னா, நான் குடுத்தும் ஒண்ணு துன்னட்டுமேன்னு பாத்தேன். துன்னுச்சு. குட்ச்சிட்டு என் கைய நக்கும்."

"என்னாண்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ சொன்னியா?"

"சொல்ல வுட்டியா நீ? அவன் பேச்ச எடுத்தா சோத்துல கை வெக்கமாட்டேன்னது யாரு?"

"அவன் பேச்சுதான் எடுக்காதன்னேன். வெங்காயத்து பேச்ச எடுக்காதன்னனா?"

ஜெகதாம்பாள் அவரையே பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு மூச்சு அவளிடமிருந்து வந்தது. "ரெண்டும் ஒரே வாயிலதான்யா வந்துச்சு," என்றாள். அதற்குமேல் இருவருக்கும் சண்டை ஓடவில்லை. சண்டைக்கும் தெம்பு வேண்டும்.

நெத்திலி ராத்திரியைத் தாண்டவில்லை. விடிந்ததும் பக்தவத்சலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குப் போனார். எல்லப்பன் கூடப் போனார். ஜெகதாம்பாள் போகவில்லை. வேகவைத்து மூடியிருந்த பரங்கிக்காயைத் திறந்து பார்த்தாள், நொதித்திருந்தது. குழாயடியில் கொட்டிவிட்டுச் சட்டியைத் தேய்த்தாள், தேய்த்த சட்டியையே மறுபடி தேய்த்தாள்.

நாய் போனது ஒரு துக்கம். அதன் பின்னால் இன்னொன்று நின்றது. அதை அவள் திரும்பிப் பார்க்கப் பயந்தாள். இனி ஞாயிற்றுக்கிழமை அவன் எதைக் கேட்பான்? இவள் எதைச் சொல்வாள்? மூன்று வருஷமாக அவனை இந்த வீட்டோடு கட்டி வைத்திருந்தது ஒரு நாலுகால் பிராணி. அந்தப் பெண்ணின் சிரிப்பு இந்த வீட்டுக்குள் வந்ததும் அதன் வழியாகத்தான்.

மறுநாளே ஞாயிறு.

மணி அடித்தது. பக்தவத்சலம் துண்டை எடுக்கவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஜெகதாம்பாள் அவரைப் பார்த்தாள், அவர் தரையைப் பார்த்தார். எடுத்தாள்.

"ம்மா, கெயங்கு துன்னுச்சா? ஷபானா சொல்றா, ஆவியில வேவவெச்சா—"

"பாலா."

"இன்னாம்மா?"

"நெத்திலி போயிட்சுடா."

அந்தப் பக்கம் ஓர் ஆட்டோ ஹாரன் கேட்டது. குக்கர் விசில் கேட்டது. "எப்பம்மா?" என்றான் பிறகு.

"வெள்ளிக்கெழம ராத்திரி. வயசாயிட்சில்ல."

"வயசா? ஆறு முடியல அதுக்கு."

"இன்னாவோ காச்சலு. ஊர்ல எல்லா நாய்க்கும் கீதாம். டாக்டரே சொன்னாரு." பொய் வரிசையாக வந்தது. அவள் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது. அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் ஏற்கெனவே கிடப்பது போதும், இதையும் போடுவானேன் என்று அவள் கணக்கு.

"நான் சொன்னது ஒத்துக்கலியாம்மா? முட்ட கிட்ட எதனா—"

"ச்சீ, நீ இன்னாடா பண்ண? நீ சொன்னது எல்லாம் நல்லாதான் துன்னுச்சு."

அவன் அழுவது தெரிந்தது. பக்கத்தில் ஷபானா என்னவோ கேட்பதும், அவன் ரிசீவரைக் கையால் பொத்துவதும் தெரிந்தது. கையை எடுத்துவிட்டு, "சரிம்மா," என்றான். அந்தச் சரிம்மாவுக்குப் பின்னால் வேறொன்றும் இல்லை. இனிமேலும் இருக்கப்போவதில்லை என்று அவளுக்குப் பட்டது. அடுத்த வாரம் பண்ணுடா என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

பக்தவத்சலம் எழுந்து வந்து அவள் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். வாங்கியவருக்கு எந்தப் பக்கத்தைக் காதில் வைப்பது என்றே தெரியாதவர் போல ஒரு கணம் பிடித்திருந்தார்.

"ஒங்கம்மா பொய் சொல்லுது," என்றார். "காச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெங்காயம். நாந்தான் போட்டேன். கூழுல, தெனமும். ஆவாதுன்னு எனக்குத் தெரியாது."

மூச்சு வாங்கினார். ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்தினார்.

"நீ மேல பேசு. திட்டறதுன்னாலும் திட்டு. பாலா, லைன்ல கீறியாடா?"